கணவாய்க் கரையில் ருலா கேட்டது

வையல்லா, ஜூன் மாதம்

என் வீட்டுக்காரர் சகெல்லாரிக்கு, போத்தினி வணக்கத்தோடு எழுதுவது. முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறீர்களா? நான் இங்கே மருமகன் வீட்டில் நலம்.

மருமகன் இரும்பாலைக்குப் போனதும் பேத்தி ருலா என்னைக் கடலுக்கு இழுத்துப் போனாள். பாறையடியிலேயே கணவாய் மீன்கள், ஒவ்வொன்றும் நம் பூனை அளவு! மையோடு சமைத்தால் தெருவுக்கே விருந்து என்றேன்.

"தொட்டுறாதே யாயா! அதுங்க முட்டை வெச்சதும் செத்துரும். குஞ்சு முகத்தைக்கூடப் பாக்காது" என்று இந்தப் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஏழு வயதில் என்ன அறிவு பாருங்கள்! திரும்பும்போது கேட்டாள்: "எங்கம்மா என்னைப் பாத்தாங்களா?"

"பாத்தா, சிரிச்சா" என்றேன். நம் மகள் செவஸ்தி பிரசவத்தில் கண் திறக்காமலே போனாளே, அதை எப்படிச் சொல்வேன்?

நம் கூண்டுக் குருவி அலகு தீட்ட ஒரு கணவாய் ஓடு அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் ருலா உங்களிடமும் கேட்பாள். பார்த்தாள் என்றே சொல்லுங்கள். அழுதுவிடாதீர்கள், நான் அழவில்லை.

ஆலைச் சங்கு ஊதிவிட்டது, மருமகன் வந்துவிடுவார்.

போத்தினி