சொன்னதையே சொல்வது பற்றி

பவானிபூர், கல்கத்தா - 25
சனிக்கிழமை, 11-7-1981

அன்பு மகள் வனஜாவுக்கு அப்பா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியமாகவே இருக்கிறோம். அகமதாபாத் வெயிலுக்கும் ஹாஸ்டல் ரொட்டிக்கும் நடுவில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், இல்லையென்றால் மறைக்காமல் எழுது. என் கடிதத்தில் எது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருப்பதாகப் போன தடவை சொன்னாயே, அதனால் இந்த முறை எழுதப்போவதை முதலிலேயே வரிசையாகப் போட்டுவிடுகிறேன்.

1. உன் கடிதமும் கட்டுரையும் கிடைத்த விவரம்
2. கூட்டத்தில் பேசுகிறவர்களைப் பற்றி என் அபிப்பிராயம் (உயர்வானதல்ல)
3. சுவரில் படம் காட்டுவது
4. சொன்னதையே திரும்பச் சொல்வது
5. நம் வீட்டுப் பின்படிக்கட்டும் நாளைய கூட்டமும்
6. அம்மா எழுதச் சொன்னவை

உன் கட்டுரை செவ்வாயன்று வந்தது, இரண்டு தடவை படித்தேன். மில் முதலாளிகள் முன்னால் மறுபடியும் பேச 24ஆம் தேதி கிடைத்திருப்பது நல்லதுதான். ஆனால் போன மார்ச்சில் நீ பேசி முடித்ததும் அவர்களில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து, டீ இன்னும் வரவில்லையா என்று கேட்டதையும், அதோடு விஷயத்தைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போனதையும் எழுதியிருந்தாயே, அது எனக்குள் முள்ளாக இருக்கிறது. இந்த முறையும் தள்ளினால் திட்டத்தையே மூடிவிடுவார்கள், பஞ்சைக் கோதும் கார்டிங் பகுதியில் தூசியை உறிஞ்சும் மெஷின் வராது, அங்கே வேலை செய்கிறவர்கள் இருமி இருமியே போய்ச்சேருவார்கள் என்று எழுதியிருக்கிறாய். அப்படிப்பட்ட பேச்சைத் திருத்த என்னிடம் அனுப்பியது சரிதானா என்று எனக்கே சந்தேகம். நான் வாழ்நாளில் ஒரு கூட்டத்திலும் வாய் திறந்தவனில்லை. ரிடையரான அன்று மாலை போட்டு இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள், நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லி உட்கார்ந்துவிட்டேன். ஆனால் சணல் கம்பெனியில் முப்பத்து மூன்று வருஷம் பேசுகிறவர்களுக்குப் பக்கத்தில் சுருக்கெழுத்து நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு உரிமையில் எழுதுகிறேன், தவறாக இருந்தால் தள்ளிவிடு.

பேசுகிறவர்களைப் பற்றி. அவர்கள் வாயிலிருந்து விழுந்த ஒவ்வொரு சொல்லையும் நான் பொறுக்கி வைத்திருக்கிறேன், பொறுக்கத் தகுந்தது சொற்பம். எங்கள் சேர்மன் ஒருவர் ஆண்டுக் கூட்டத்தில் எப்போதும் சுருக்கமாகச் சொல்கிறேன் என்றுதான் ஆரம்பிப்பார், அதைக் கேட்டதும் நான் இரண்டாவது பென்சிலையும் சீவி வைத்துக்கொள்வேன். ஒரு வருஷம் டைப் அடித்தவன் ஐந்தாம் பக்கத்தின் நகலையும் தவறுதலாகச் சேர்த்துக் குத்திவிட்டான். சேர்மன் அதே பக்கத்தை அதே கம்பீரத்தோடு இரண்டு தடவை வாசித்தார். சணல் விலை இரண்டு தடவை ஏறிற்று, இரண்டு தடவை இறங்கிற்று. பங்குதாரர் ஒருவரும் தலை நிமிரவில்லை, வாசித்தவருக்கும் தெரியவில்லை. அவர்கள் வந்தது கடைசியில் கொடுக்கும் சந்தேஷ் இனிப்புப் பெட்டிக்காக. சீமையிலிருந்து வந்த டைரக்டர் ஒருவர் எதைப் பேசினாலும் ஒரு புலிக் கதையில் தொடங்குவார், எல்லோரும் சிரிக்க வேண்டும், புலி போனபிறகு டிவிடெண்டு ஏன் குறைந்தது என்று அவர் சொல்லும்போது அதற்கும் இரண்டு பேர் சிரித்துவைப்பார்கள். கடைசியாக என்று சொல்லிவிட்டு அரை மணி நேரம் பேசியவர்களை எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டேன். இப்போது இதற்கென்று பார்க் ஸ்ட்ரீட்டில் வகுப்பு நடக்கிறதாம், கையை எந்த இடத்தில் விரிப்பது என்றெல்லாம் சொல்லிக்கொடுக்கிறார்களாம். சொல்ல ஒன்று இருப்பவனுக்குக் கை தானாக அசையும், இல்லாதவன் விரித்தால் ஷட்டரை இழுத்து மூட வந்தவன் மாதிரி இருக்கும். இவர்களில் ஒருவர்கூட, எதிரில் உட்கார்ந்திருப்பது யார், அவனுக்கு என்ன கவலை என்று விசாரித்துக்கொண்டு வந்ததில்லை. தன் குரல் தனக்கே இனிக்கிறவர்களுக்கு அது எதற்கு. நீயாவது விசாரி. உன் கட்டுரையில் முதல் மூன்று பக்கம் நுரையீரல் எப்படி அமைந்திருக்கிறது என்று இருக்கிறது, முதலாளிகள் என்ன வைத்தியம் படிக்கவா வருகிறார்கள். அந்தந்த மில்லில் போன வருஷம் இருமலால் வேலையைவிட்டு நின்றவர்கள் யார் என்று பெயரோடு கேட்டு எழுதிக்கொள், அதிலிருந்து தொடங்கு.

அடுத்தது படம். பதினெட்டு ஸ்லைடு காட்டப்போவதாக எழுதியிருக்கிறாய். எங்கள் ஆபீசிலும் ஒரு புரொஜக்டர் வாங்கினார்கள். முதல் நாள் சணல் வயல் தலைகீழாக வந்தது, ஆட்கள் ஆகாயத்தில் அறுவடை செய்தார்கள். சரியான பிறகும் என்ன, பேசுகிறவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரோடு பேசினார். சுவரில் இருந்ததையே வாசித்தார், அதை நாங்கள் அவருக்கு முன்பே வாசித்து முடித்திருந்தோம். அவர் சொன்னதெல்லாம் சுவருக்குள் போய்விட்டது, எழுதிக்கொள்ளக்கூட என் காதுக்கு எட்டவில்லை. நாலு படம் போதும். படம் வரும்போது நீ பேசாதே, அவர்கள் பார்க்கட்டும், பார்த்தபிறகு அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்.

நான்காவது. இதில்தான் எனக்குக் கொஞ்சம் தேர்ச்சி உண்டு என்று நினைக்கிறேன். ஒரு விஷயத்தை ஒரு தடவை சொன்னால் போதும். இரண்டாம் தடவை சொல்கிறவனுக்கு முதல் தடவை சொன்னதில் நம்பிக்கையில்லை, மூன்றாம் தடவை சொல்கிறவனுக்குச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை. பெரியவர்கள் பேச்சை டைப் அடிக்கும்போது திரும்ப வந்த வாக்கியங்களையெல்லாம் நானே எடுத்துவிடுவேன். இருபது பக்கம் ஏழாகும், அதைப் படித்துவிட்டு எவ்வளவு நன்றாகப் பேசியிருக்கிறேன் என்று அவர்களே ஆச்சரியப்படுவார்கள். உன் கட்டுரையில் 'கண்ணில் விழுந்த பஞ்சுத்தூசியைத் துடைத்துவிடலாம், மார்பில் படிந்ததைத் துடைக்க முடியாது' என்ற வரி மூன்று இடத்தில் வருகிறது. வரி நல்ல வரிதான். இரண்டு இடத்தில் சிவப்பு மையால் அடித்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

இனி வீட்டு விஷயம். பின்பக்கத்து இரும்புச் சுழல் படிக்கட்டு உனக்குத் தெரியும், முற்றத்துக் குழாயில் தண்ணீர் பிடித்து மேலே கொண்டுபோக எல்லோருக்கும் அதுதான் வழி. மழை தொடங்கியதிலிருந்து துரு உதிர்கிறது, போன வாரம் நடுவில் ஒரு படி கழன்று முற்றத்தில் விழுந்தது, நல்லவேளை கீழே யாரும் இல்லை. எல்லாக் குடித்தனமும் அதைப் பூட்டிவைக்கச் சம்மதித்து எழுதிக்கொடுத்தால் புதுசு போடுகிறேன் என்கிறார் வீட்டுக்காரர். பூட்டினால் திறக்கவே மாட்டார், பிறகு முன்வாசல் வழியாக வாளி தூக்க வேண்டியதுதான், அப்படியே நம்மைச் சலிக்கவைத்துக் காலி பண்ணிவிடுவார் என்று எல்லோருக்கும் பயம். நாளைக் காலையில் முற்றத்தில் கூட்டம். பேசப்போகிறவர் கீழ்த்தளத்து அனந்தகிருஷ்ணன், கார்டன் ரீச் ரயில்வே ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றவர். படம் வரைந்து வைத்திருக்கிறாராம். நடவடிக்கைக் குறிப்பு எழுதுவது நான், வேறு எதற்கு லாயக்கு. மீதியை நாளை முடிக்கிறேன்.

திங்கட்கிழமை. நேற்று எழுத முடியவில்லை, எழுதத் தோன்றவில்லை என்பது சரி. கூட்டம் நடந்தது. அனந்தகிருஷ்ணன் கரும்பலகை மாதிரி ஒரு அட்டையை நாற்காலியில் சாய்த்து, திரைச்சீலைக் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, நண்பர்களே, அண்டை வீட்டாரே, சக குடித்தனக்காரர்களே என்று இங்கிலீஷில் ஆரம்பித்தார். இருந்ததே ஒன்பது குடும்பம், அதில் இங்கிலீஷ் புரிந்தவர்கள் பாதி. லோடு என்றார், ஸ்ட்ரெஸ் என்றார், துரு எப்படி உண்டாகிறது என்று சொன்னார், தன் சர்வீஸில் பார்த்த பாலங்களை ஒவ்வொன்றாகக் கடந்தார். இரண்டாம் மாடி கோஷ் பாபு ஆனந்தமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நடுவில் தலையை நீட்டி, அண்ணா, பூட்டினால் திறப்பார்களா என்று ஒன்றே ஒன்று கேட்டார். அங்கே இருந்த எல்லோருக்கும் அது ஒன்றுதான் கேள்வி. அதற்கு இந்த மனுஷர், பிளீஸ், கேள்விகள் கடைசியில் என்று சொல்லிவிட்டுப் பாலத்துக்குத் திரும்பினார். கடைசி வருவதற்குள் சண்டை வந்துவிட்டது. வீட்டுக்காரர் திருடன் என்று ஒருவர், நீங்கள் வாடகை பாக்கி வைத்ததால்தான் அவர் இப்படி என்று இன்னொருவர், நாற்காலிகளை மடக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அப்போது உன் அம்மா எழுந்தாள். அவள் பேசுவாள் என்று எனக்குத் தெரியாது, அவளுக்கே தெரிந்திருக்காது. அவளுடைய வங்காளத்தை நீ அறிவாய், காய்கறிக்காரனோடு போராடிக் கற்றது. இவ்வளவு நேரம் படிக்கட்டைப் பத்திப் பேசினீங்களே, அதுலதான் பௌமா ஏறுறா என்றாள். கோஷ் பாபுவின் மருமகளைத்தான் இங்கே எல்லோரும் பௌமா என்று கூப்பிடுகிறோம், அந்தப் பெண்ணுக்கு இப்போது ஏழாம் மாதம், காலையிலும் மாலையிலும் வாளியோடு அந்தப் படியில்தான் போய் வருகிறது. கோஷ் பாபு சிரித்துக்கொண்டே, இங்கே எல்லோரும் அவளைக் கூப்பிடும் முறையில் மாஷிமா என்று விளித்து, அது எங்களுக்குத் தெரியாதா என்றார். தெரிஞ்சா சரி, அதுல பௌமா ஏறுறா என்றாள். எனக்கு அவமானமாகப் போய்விட்டது, இவளிடம் இருப்பது ஒரே வாக்கியம்தானா என்று நோட்டுக்குள் குனிந்துகொண்டேன். மேல்மாடிக்காரர், வீட்டுக்காரன் திறக்கவே மாட்டான் மாஷிமா, நீங்க அவனை நம்புறீங்களா என்று கத்தினார். நானும் நம்பலை, ஆனா அதுல பௌமா ஏறுறா என்றாள் உன் அம்மா, குரலை உயர்த்தக்கூட இல்லை. கோஷ் பாபு பேப்பரை மடித்தார். பின்னால் உட்கார்ந்திருந்த அவர் மனைவி, மருமகளை நாள்தோறும் தண்ணீருக்கு அனுப்புகிற மாமியார், எழுந்து மாடிக்குப் போய்த் தன் அலமாரிப் பூட்டைக் கழற்றிக்கொண்டுவந்து படிக்கட்டின் கீழ்க் கதவில் போட்டுவிட்டு, சாவி என் முந்தானையில இருக்கும், வீட்டுக்காரன் வந்து என்கிட்ட கேக்கட்டும் என்றாள். சாவி நம்மிடம் இருக்கிறது என்றதும் பயந்தவர்களுக்கும் பயம் விட்டது, ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். அனந்தகிருஷ்ணன் என் கையைப் பிடித்துக் குலுக்கி, சார்ட் எப்படி வேலை செய்தது பார்த்தீர்களா ஸார் என்றார். ஆமாம் ஸார் என்றேன். பாலம் கட்டுகிறவர்களோடு எனக்கு என்ன வழக்கு.

இன்று காலையில் குறிப்பைச் சுத்தமாக எழுத உட்கார்ந்தேன். நேற்று உன் அம்மா பேசியதைப் பற்றி என் கை எழுதியிருந்தது இதுதான்: படிக்கட்டைக் கர்ப்பிணி ஒருவர் பயன்படுத்துவதைத் திருமதி நீலாவதி சுட்டிக்காட்டினார், பின்னர் அனைவரும் சம்மதித்தனர். எல்லாம் சரியாக இருக்கிறது, ஒன்றும் விளங்கவில்லை. ஒரு மணி நேரம் சண்டை போட்டவர்கள் இந்த ஒரு வரிக்காகவா சம்மதித்தார்கள் என்று யாரும் கேட்பார்கள். அவள் மூன்று தடவை சொன்னதில் இரண்டை என் கை யோசிக்காமலே விட்டிருக்கிறது, பழக்கம். முதல் தடவை அது எல்லோருக்கும் தெரிந்த செய்தி, இரண்டாவது கோஷ் பாபுவுக்குப் போயிற்று, மூன்றாவதுதான் அந்த மாமியாரிடம் போய்ச் சேர்ந்தது. எனக்கு எப்போதும் எதிரில் தாள் இருந்தது, விட்டதைத் திருப்பிப் பார்த்துக்கொள்வேன். கேட்கிறவர்கள் கையில் தாள் இல்லை, அவர்கள் எப்படித் திருப்புவார்கள். சேர்மனின் ஐந்தாம் பக்கமும் இரண்டு தடவை வந்ததே என்று நீ கேட்கலாம், நானும் யோசித்தேன், அந்தப் பக்கத்தில் விலை இருந்தது, ஆள் யாரும் இல்லை. இப்படித்தான் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது, நிச்சயமாகச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. உன் அம்மாவிடம் கேட்டேன். ஏங்க, அவங்க காதுல விழலை, மறுபடி சொன்னேன், இதுக்கு ஒரு விசாரணையா என்று சொல்லிவிட்டு உளுந்து ஊறப்போடப் போய்விட்டாள்.

அவள் எழுதச் சொன்னவை: பேசப்போகும் நாளில் வெறும் வயிற்றோடு போகாதே. கஞ்சி போட்ட புடவை கட்டாதே, நீ அசையும்போதெல்லாம் அதுதான் பேசும். ராத்திரியில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு படுக்காதே. புளிக்காய்ச்சல் ஒரு டப்பா ரயிலில் வருகிறவர் யாராவது கிடைத்தால் கொடுத்தனுப்புகிறாளாம். கூட்டம் முடிந்த அன்றே என்ன ஆயிற்று என்று ஒரு கார்டு போடு, நல்லபடியாக முடிந்தாலும் இல்லாவிட்டாலும் போடு, தபாலுக்கு நாங்கள் காத்திருப்போம். உன் வாக்கு உன் எதிரில் இருப்பவர்கள் மனத்தில் ஏற வேண்டும், அந்தக் கார்டிங் ஜனங்களுக்கு மூச்சு நிம்மதியாக வர வேண்டும், நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் மனமார ஆசீர்வதிக்கிறோம். உன் கட்டுரையை இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் நான் சிவப்பு மையால் அடித்த இரண்டு இடத்திலும் உன் வரியை நீல மையால் ஓரத்தில் மறுபடி எழுதியிருக்கிறேன், மூன்று இடத்திலும் சொல். மேலே நான்காவதாக எழுதியது தவறு.

இப்படிக்கு உன் அப்பா,
கா. வேதாச்சலம்