கோழிக்குப் போட்ட பிடியரிசி

உன்னை அடக்கம் செய்து மூன்று நாளாகிறது. இன்று காலை மருமகள் கோழிகளுக்கு அரிசி எறிந்தாள். சிவப்பும் வெள்ளையுமாக அது முற்றத்தில் சிதறியதையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன மாமி, இப்படி முழிக்கிய?" என்றாள். அவளுக்கு என்ன தெரியும்?

ஞாயிறு பள்ளியில் நீயும் நானும் மணலில் விரலால் எழுதிப் படித்த எழுத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது நம் கோயிலில் பெண்கள் பக்கத்துக் கூரை மட்டும் ஒழுகும். ஓடு போட வேண்டும் என்று, உலையில் இடும் அரிசியில் தினம் ஒரு பிடியை எடுத்து வைத்தோம். மாதக் கடைசி ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லா வீட்டுப் பிடியரிசியையும் ஒன்றாகக் கொட்டி, சபையை நடத்தும் உபதேசியார் ஏலம் விடுவார். என் வீட்டுக்காரர்தான் சபைக் கணக்கர். அவர் ஒரு ரூபாய் என்பார். அவருக்கு மேலே யாரும் கேட்கமாட்டார்கள். கணக்கருக்குக் கொடுக்கும் மரியாதையாம். கடையில் மூன்று ரூபாய் பெறும் அரிசி அது. சபைக்கு அவர் செய்யும் ஊழியம் என்று நானும் பெருமைப்பட்டேன்.

ஒரு நாள் நீ மோர் கேட்டு வந்தாய். என் கோழிகளைப் பார்த்தாய்.

"ஏட்டி, இது பிடியரிசியில்லா?"

"ஆமா. பல அரிசி கலந்ததுல்லா, ஒண்ணு குழையுது, ஒண்ணு வேவ மாட்டேங்குது. அதான் கோழிக்குப் போடுதேன்."

நீ குனிந்து நாலு மணியைப் பொறுக்கினாய்.

"எங்க வீட்டுல மூணு நாளா மரச்சீனிக் கிழங்குதான் மக்கா. காய்ச்சக்காரப் பிள்ளைக்குக் கஞ்சிக்கு வச்சிருந்த அரிசியிலயாக்கும் ஒரு பிடி எடுத்தேன்."

மோர் வாங்காமலே போய்விட்டாய். சிதறிக் கிடந்ததை நான் கூட்டி அள்ளினேன். கோழிகள் என் கையைக் கொத்தின.

அடுத்த ஏலத்தில் அவர் ஒரு ரூபாய் என்றதும் பாயிலிருந்து எழுந்து "ரெண்டு" என்றாய். கோயிலே திகைத்துப்போயிற்று. பெண் வாய் திறந்து ஏலம் கேட்டதை அதுவரை யாரும் கண்டதில்லை.

"ஏட்டி, இரி!" என்றது ஆண்கள் பக்கம்.

"எங்க கைப்பிடி அரிசிக்கு நாங்க வெல சொல்லப்பிடாதா?"

அவர் சிரித்துக்கொண்டே "ரெண்டரை" என்றார். நீ "மூணு" என்றாய். சிரிப்பு போய்விட்டது. "எடுத்துக்கிடட்டும்" என்று உட்கார்ந்தார். உன்னிடம் மூன்று ரூபாய் இருக்காது என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

பெண்கள் ஒவ்வொருவராக முந்தானை முடிச்சை அவிழ்த்தார்கள். அப்போது ராசா காலத்துச் சக்கரம்தானே, ரூபாய்க்கு இருபத்தெட்டு; எல்லாம் சேர்த்தும் எட்டுச் சக்கரம் குறைந்தது. என் முடிச்சில் பத்துச் சக்கரம் இருந்தது. நீ என்னைப் பார்த்தாய். அவரும் பார்த்தார். நான் முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

நீ கேட்கவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய் உன் ஒரே கோழியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாய்.

"முட்டையிடுத கோழியாக்கும், உபதேசியாரே. குறைக்கு இது."

உபதேசியார் அரிசியை உன் பக்கம் தள்ளினார். கோழி கத்திக்கொண்டே இருந்தது.

அதன் பிறகுதான், கணக்கர் வீட்டார் ஏலம் கேட்கக்கூடாது என்று சபையில் எழுதி வைத்தார்கள். அன்றைக்கு என் கையைப் பார்த்துக்கொண்டிருந்த அவர் கண்ணை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். நீ மட்டும் மறுநாளே வந்து மோர் கேட்டாய். ஏன் கேட்டாய்? திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

அந்தப் பத்துச் சக்கரத்தை நான் செலவழிக்கவே இல்லை. அடக்கத்தன்று உன் பெட்டிக்குள் போட்டுவிடலாம் என்று கொண்டுவந்தேன். ராசா ஆட்சி போய் ஊர் மதராசோடு சேர்ந்துவிட்டது. சக்கரத்தை எந்தக் கடையிலும் எடுப்பதில்லை. செல்லாததையா உனக்குத் தருவது என்று கை பின்வாங்கிவிட்டது.

பெண்கள் பக்கத்தில்தான் உன் பெட்டியை வைத்திருந்தார்கள். வெளியே ஐப்பசி மழை கொட்டியது. உன் முகத்தில் ஒரு சொட்டு விழவில்லை. நான் பிடியரிசிக் காசில் போட்ட ஓடுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், முடிச்சைப் பிடித்தபடி.