நவமியன்று மாட்டிய பிளக்கு

அண்ணே,

நேற்று வண்ணார்பேட்டையில் சேலை எடுக்கப் போயிருந்தேன். கடைவாசலில் ஒரு மோட்டார் இருமிக்கொண்டே வந்து நின்றது. பின்னால் கறுப்புப் புகை. புகைக்குள்ளே எரியாத பெட்ரோலின் வாடை. அது மூக்கில் ஏறியதுதான் தாமதம், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையிலிருந்த சேலையை அப்படியே போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடி, "ஏலே, பிளக்கைக் கழத்திப் பாருலே! எம்புட்டு ஊத்தினாலும் குடிச்சுத் தீத்திரும்" என்று கத்திவிட்டேன். டிரைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தான். மூக்குத்தி போட்ட பொம்பிளை நடுத்தெருவில் நின்று மோட்டாருக்கு வைத்தியம் சொன்னால் பார்க்கத்தானே செய்வான்? பார்த்தால் பார்க்கட்டும். 

வேறு எந்த வாடையும் என்னை இப்படிச் செய்வதில்லை. உனக்குத் தெரியும் ஏனென்று.

துரை ஒருவர் விற்றுவிட்டுப் போன பழைய காரை வாங்கி, அதன் பின்பக்கத்தை அறுத்து எடுத்துவிட்டுப் பலகை அடித்து, நீ வாழைத்தார் ஏற்றுகிற வண்டியாக்கினாய். அம்பாசமுத்திரமே கூடிநின்று வேடிக்கை பார்த்தது. மதினிக்குப் பட்டு எடுப்பதைவிட அந்த வண்டிக்குத்தான் நீ அதிகம் செலவழித்தாய். ஆயுத பூஜை வந்தால் கேட்கவே வேண்டாம். என் மகனுக்கு மூன்று வயது நடந்த அந்த வருஷம், நான் பூஜைக்கு உன் வீட்டுக்கு வந்திருந்தேன். நீ எஞ்சினிலிருந்து நாலு பிளக்கையும் கழற்றி, குத்துவிளக்கு தேய்ப்பதுபோலப் புளிபோட்டுத் தேய்த்து, வாழையிலையில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றின் நுனியிலும் சந்தனத்தை அப்பி, குங்குமமும் வைத்தாய். பக்கத்திலேயே ஒரு சின்ன அட்டைப்பெட்டி. அதற்கும் ஒரு பொட்டு.

"அது என்னண்ணே?" என்று கேட்டேன்.

"ஏட்டி, புது பிளக்கு, நாலு இருக்கு. மெட்ராஸ்லேருந்து வந்துருக்கு. நாளைக்கு விஜயதசமி, காலைல நல்ல நேரம் பாத்து மாட்டணும். பழசு பெட்ரோலைப் பாழாக்குது."

பிளக்கு என்றால் என்னவென்றும் அப்போது சொன்னாய். பீங்கான் உடம்பு, நுனியில் இரண்டு கம்பி, நடுவே நகத்தின் கனத்துக்கு இடைவெளி. அந்த இடைவெளியில் பொறி தாவினால்தான் உள்ளே பெட்ரோல் எரியும். தாவாவிட்டால் எரியாமலே புகைக்குழாய் வழியாக வெளியே போய்விடும். சீமையில் சண்டை நடந்த காலம் அது. திருநெல்வேலியிலேயே பெட்ரோல் கிடைப்பது குதிரைக்கொம்பு. இத்தனையும் தெரிந்த மனுஷன்தான், பொறி தாவவேண்டிய இடத்தில் சந்தனத்தை அப்பிக்கொண்டிருந்தாய். அது எனக்கும் உறைக்கவில்லை, உனக்கும் உறைக்கவில்லை. சாமி காரியமாயிற்றே!

தீபாராதனை முடிந்து பொரிகடலை கொடுத்தாய். என் மகன் வாய் நிறைய அள்ளிப் போட்டுக்கொண்டு சிரித்தான். சிரித்தவன் திடீரென்று இருமினான். அப்புறம் இருமல் நின்றுவிட்டது. மூச்சு மட்டும் விசில் ஊதுவதுபோல வந்தது. உதடு நீலம் பாரித்தது.  முதுகில் தட்டினோம், தலைகீழாகப் பிடித்தோம். வைத்தியர் வந்து தொண்டைக்குள் விரலைவிட்டுப் பார்த்துவிட்டு, "கடலை மூச்சுக்குழாய்ல போயிருக்கு. இங்கன ஒண்ணும் ஆவாது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, ஓடுங்க" என்றார். காலை ரயில் போய்விட்டிருந்தது. அடுத்த ரயிலுக்குச் சாயங்காலம்வரை காத்திருக்கவேண்டும்.

பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் மறுபூஜை முடியாமல் எடுக்கலாமா? மதினி, "ஐயையோ, தொடாதீக!" என்று அலறினாள். நீ கேட்கவே இல்லை. இலையிலிருந்து பிளக்குகளை அள்ளினாய், வேட்டி முனையால் ஒரு இழுப்பு துடைத்தாய், மாட்டினாய், எஞ்சினைக் கிளப்பும் கைப்பிடியைச் சுழற்றினாய். அந்த நிமிஷம் உன் காலில் விழலாம் போலிருந்தது.

ஆனால் வண்டி நொண்டியது. கல்லிடைக்குறிச்சி தாண்டும்போதே திணறியது. மேட்டில் ஏற மறுத்தது. பின்னால் கறுப்புப் புகை, அந்த வாடை. பிள்ளை என் மடியில் ஒவ்வொரு மூச்சையும் இழுத்து இழுத்து வாங்கிக்கொண்டிருந்தான். வீரவநல்லூர் தாண்டி வண்டியை நிறுத்தி, மூங்கில் சிம்பைப் பெட்ரோல் தொட்டிக்குள் விட்டு அளவு பார்த்தாய். உன் முகம் செத்துப்போயிற்று.

"என்னண்ணே?"

"பாதி வழிகூட வரல. முக்காவாசி குடிச்சிட்டுது, பாவி! பாளையங்கோட்டை வரைக்கும் எட்டாதுட்டி."

வழியில் வாங்க ஒரு சொட்டு கிடைக்காது. நடுரோட்டில் நின்றுவிட்டால் பிள்ளை என் மடியிலேயே போய்விடுவான். பிளக்கைக் கழற்றிப் பார்த்தாய். சந்தனம் கருகி, அந்த இடைவெளியில் கரிக்கட்டியாக அடைத்துக் கிடந்தது. நீ சுரண்டினாய், அது கல்லாக இறுகி வர மறுத்தது. அப்போதுதான் உன் சட்டைப்பையில், கிளம்பும் அவசரத்தில் இலையிலிருந்து அள்ளிப் போட்டுக்கொண்ட அந்த அட்டைப்பெட்டியைப் பார்த்தேன். பொட்டு வைத்த பெட்டி. புது பிளக்கு!

என்னால் நம்ப முடியவில்லை, அண்ணே. இன்றைக்கும் நம்ப முடியவில்லை. கையில் புதிதை வைத்துக்கொண்டு கருகினதைச் சுரண்டிக்கொண்டு நிற்கிறாய்!

"அது எதுக்கு இருக்கு?"

"நாளைக்கு மாட்டத்தானட்டி... இன்னைக்கு நவமி. ராகு காலம் வேற."

"நாளைக்கு யாருக்கு மாட்டுவே? எம்பிள்ளைக்கு நாளைக்கு இருக்கா?" என்று கத்தினேன். உன்னை ஒருநாளும் எதிர்த்துப் பேசாதவள், உன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். அறைந்தேன் என்றுகூட நினைக்கிறேன்.  நீ பெட்டியைக் கிழித்தாய்.

சூட்டில் உன் விரல் பொசுங்கியது. துண்டைச் சுற்றிக்கொண்டு நாலையும் மாட்டினாய். கைப்பிடியை ஒரே சுற்று. அந்தச் சத்தத்தை என்னவென்று சொல்வேன்! திணறல் இல்லை, இருமல் இல்லை, புகை இல்லை. பத்தமடையில் நிறுத்தி மறுபடியும் சிம்பை விட்டுப் பார்த்தாய். "ஏட்டி, இங்க பாரு! குறையவே இல்லட்டி! குடிக்கவே மாட்டேங்கு!" என்று ரோட்டில் குதித்தாய். பிள்ளை சாகக் கிடக்கிறான், நீ பெட்ரோலைப் பார்த்துக் குதிக்கிறாய். கொன்றுபோடலாம் போலிருந்தது. அதே பெட்ரோல்தான் அவன் உயிர் என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

ஆஸ்பத்திரி வாசலுக்குள் நுழைந்தபோதும் வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. டாக்டரம்மா கழுத்தில் கீறி அந்தக் கடலையை எடுத்தார்கள். ஒரு அரைக்கடலை, அவ்வளவுதான். அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு நீ சுவரோரம் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதாய். "நாலு கழுதைப் பிளக்குக்கு நல்ல நாள் பாத்தேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாய்.

அதற்கப்புறம் நீ பேசிய பேச்சென்ன! "பெட்ரோல் இருக்குத நேரந்தாம்வே நல்ல நேரம்" என்று வாழைமண்டியில் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னாய். புது பிளக்கு மாட்டினபிறகு அதே பெட்ரோலில் வண்டி எவ்வளவு தூரம் ஓடுகிறதென்று கேட்காதவர்களுக்கும் சொன்னாய். போன வருஷம் விஷக்காய்ச்சல் ஊரூராகப் பரவியபோது, அமாவாசை, அஷ்டமி எதையும் பார்க்காமல் அந்நியர்களையெல்லாம் வாழைத்தார் வண்டியில் படுக்கவைத்துப் பாளையங்கோட்டைக்கு ஓட்டினாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு உனக்கே காய்ச்சல் வந்தது. எனக்கு ஆள் வந்து சொல்லி நான் ரயிலேறி வந்து சேர்ந்தபோது புதன்கிழமை காலை. வாசலில் கூட்டம், கூடத்தில் உன்னைக் கிடத்தியிருந்தார்கள். மதினி என்னைக் கட்டிக்கொண்டு அழுதபடியே சொன்னாள்: "நேத்துப் போலாம்னேன். செவ்வாக்கெழம ஆஸ்பத்திரிக்குப் போனா திரும்பி வரமாட்டாகன்னு சொல்லி, விடியட்டும், புதங்கெழம போவோம்னுட்டாகளே!"

எனக்கு அழுகை வரவில்லை, அண்ணே. நேரே கொட்டகைக்கு ஓடினேன். வண்டி கொட்டகையில் நின்றது. தொட்டியில் பெட்ரோல் இருந்தது. ஓட்டுவதற்குப் பக்கத்துத் தெருவிலேயே ஆள் இருந்தான். ஊராரையெல்லாம் எந்தக் கிழமையிலும் கொண்டுபோன மனுஷன், தனக்கென்று வந்தபோது கிழமை பார்த்தாயா? என் பிள்ளைக்காக நவமியில், ராகு காலத்தில் பெட்டியைக் கிழித்தவன் நீதானா? அன்று உன் சட்டையைப் பிடித்து உலுக்க நான் பக்கத்தில் இல்லை. அதுதான் நடந்தது.

போன மாதம் அம்பாசமுத்திரத்துக்கு வந்திருந்தேன். உன் மகளுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது, கண் செருகியது. செவ்வாய்க்கிழமை. மதினி தயங்கினாள். "விடிஞ்சா புதன்தானே, ஒரு ராத்திரிதானே" என்றாள். அவளிடம் நான் வாதாடவில்லை. நீ போனபிறகு வண்டிக்குப் பெட்ரோல் ஊற்றுவாரில்லை; பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு சாயங்கால ரயிலுக்கு நடந்தேன். மதினி அழுதுகொண்டே பின்னால் ஓடிவந்தாள். பாதி வழியில் உன் மகள் தலையைத் தூக்கி என் காதோடு கேட்டாள்.

"அத்தே, இன்னைக்குச் செவ்வாக்கெழமல்லா? போலாமா?"

"போலாம் தாயி."

"அப்படின்னா எங்கப்பா ஏன் போவல?"

அவள் பிழைத்துக்கொண்டாள். இப்போது ஓடி விளையாடுகிறாள், கேட்டதையும் மறந்துவிட்டாள். நான்தான் அதைச் சுமந்துகொண்டு திரிகிறேன். அடுப்படியில், குளிக்கிற துறையில், தூக்கத்தில், என் காதோரம் அதே கேள்வி. நான் அவளுக்கு என்ன சொல்ல? சொல்லேன், அண்ணே. நீ ஏன் போகவில்லை?