வேர்க்கும் கைக்கு ஒரு பேனா

மார்ச் 4

நாத்தனார் பேனாவைத் திருப்பிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். நான் மரத்தில் கடைந்து, மெழுகு தேய்த்து, பளபளவென்று கொடுத்தது. விரல் படும் இடமெல்லாம் மங்கிப்போயிருந்தது.

“கோவிச்சுக்காதீங்க அண்ணி. என் கை வேர்க்கிற கை. எனக்கே இப்படின்னா, காசு குடுத்து வாங்கிட்டுப் போறவங்க சும்மா விடுவாங்களா?”

அவளுடைய பேனாக் கடையில், அந்தக் கண்ணாடி அலமாரியில், நான் செய்த பேனா ஒன்றாவது இருக்க வேண்டும். இப்போதைக்கு எனக்கு இருக்கிற ஒரே ஆசை அதுதான். அவள் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் இவ்வளவு எரிச்சல்.

மார்ச் 6

மரக்கடைக்காரர் ஒரு யோசனை சொன்னார்: சூப்பர் குளூ. ஒட்டுவதற்கு இல்லை, பூசுவதற்கு. கடைசல் இயந்திரத்தில் மரம் சுழலும்போதே டிஷ்யூ காகிதத்தால் மெலிதாக ஒரு பூச்சு, காய்ந்ததும் அடுத்தது. கண்ணாடி மாதிரி ஆகிவிடுமாம். “துணியால மட்டும் பூசிடாதீங்க” என்றார். சரி சரி என்று தலையாட்டினேன்.

மார்ச் 7

தலையாட்டினேனே தவிர, எங்கே காதில் வாங்கினேன்? டிஷ்யூ தீர்ந்துபோனதால் வீட்டுக்காரரின் பழைய பனியனைக் கிழித்து அதில் பசையை ஊற்றினேன். குபுகுபுவென்று புகை! விரல் சுட்டுவிட்டது. பருத்தித் துணியில் பட்டால் இந்தப் பசை கொதிக்குமாம் — இப்போ தெரிஞ்சு என்ன பண்ண?

அவர் ஓடிவந்தார். “பேனா பண்றியா, பட்டாசு பண்றியா?” விரலுக்கு மருந்து போட்டுவிட்டு, “அது என் நல்ல பனியன்” என்றார். ஊரே காற்று வாங்கலாம், அத்தனை ஓட்டை!

மார்ச் 10

சீக்கிரம் காயட்டும் என்று, பசையை உடனே இறுக வைக்கும் ஸ்பிரே ஒன்றை அடித்தேன். பூச்சு முழுக்க வெள்ளை பூத்துவிட்டது. அத்தனையையும் தேய்த்து எடுத்தாயிற்று. சனியன் பிடிச்ச அவசரம் எனக்கு.

மார்ச் 13

வந்துடுச்சு!

ஸ்பிரே வேண்டாமென்று, ஒவ்வொரு பூச்சும் தானாகக் காயும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நானா! பிறகு உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன், சொரசொரப்பிலிருந்து நைஸ் வரைக்கும். கடைசியில் பாலிஷ். மரத்தின் ரேகைகள் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் தெரிகின்றன. டியூப்லைட் அதில் கோடாக விழுகிறது.

பெருமையா இருக்கு. யார்கிட்டயும் சொல்லிக்க முடியலைன்னா என்ன, இங்க எழுதிக்கிறேன். ரொம்பப் பெருமையா இருக்கு.

மார்ச் 14

நாத்தனாரிடம் கொடுத்தேன். “இதுவும் மங்கிடுச்சுன்னா, இனிமே இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்” என்று வாயை விட்டுவிட்டேன். எனக்கெதுக்கு இந்த வீராப்பு?

மார்ச் 21

நாத்தனாரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. மங்கித்தான் போயிருக்கும்.

மார்ச் 29

பொறுக்க முடியாமல் நானே கடைக்குப் போனேன். நாத்தனார் பில் போட்டுக்கொண்டிருந்தாள், என் பேனாவால். உள்ளங்கையைத் துடைத்துத் துடைத்து எழுதுகிறாள். பேனா அன்றைக்குக் கொடுத்த மாதிரியே மின்னுகிறது.

எதிரே நின்றவர், “பிளாஸ்டிக்கா?” என்றார். எனக்குச் சுருக்கென்றது.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். “பிளாஸ்டிக்கா? நல்லாப் பாருங்க சார், அத்தனையும் மரம். எங்க அண்ணி கடைஞ்சது.”

அவர் வாங்கி எழுதிப் பார்த்தார், உருட்டிப் பார்த்தார், விலை கேட்டார். நாத்தனார் அவர் விரலுக்கிடையிலிருந்து அதை மெதுவாக உருவிக்கொண்டாள்.

“இது விக்கிறதுக்கில்ல சார், என்னோடது. அடுத்த வாரம் வாங்க, அலமாரியில வேற இருக்கும்.” என் பக்கம் திரும்பினாள். “இருக்கும்தானே அண்ணி?”

இருக்கும் என்றேன்.