குடைத்துணி விரிந்த ஞாயிற்றுக்கிழமை

என் அன்பு மச்சான் ஆறுமுகத்துக்கு,

தை பிறந்தும் உறைபனி விடாமல் விழுந்து, பேக்டரிக்கு மேலே இருக்கும் தேயிலைக் கொழுந்தெல்லாம் வறுத்த மாதிரி கருகிப்போனதே, அந்த வருசம்தான் நீ போனாய். கரடி வந்து ரேஷன் கடைக் கதவைப் பெயர்த்துப் பாமாயிலைக் குடித்ததும் அந்த மாதம்தான். தேதி கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எழுத்தும் தெரியாது, நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். ஆனால் உன்னைத் தூக்கிக்கொண்டு போன வழியில் எந்தெந்தச் செடி கருகி நின்றது என்று இப்போதும் காட்டுவேன்.

நாம் ராக்கெட் செய்த உன் கொட்டகையைப் பற்றி ஒரு சேதி இருக்கிறது.

உன் மகன் குமார் காந்தலிலிருந்து வந்திருந்தான். கொட்டகையைத் திறந்து பார்த்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டான். அவன் கண்ணுக்கு அது குப்பை. நமக்குத்தானே தெரியும்? மண்ணெண்ணெய்ப் புனல் ராக்கெட்டின் மூக்கு. அறுந்த ரப்பர் செருப்பு அதன் இறக்கை. ஊர் சுற்ற வந்தவர்கள் கோத்தகிரி ரோட்டில் வீசிய பிளாஸ்டிக் பாட்டில் உடம்பு. பாட்டிலுக்குத் தடை போட்ட மலையில் அதைத் தேடி நீ எத்தனை பள்ளம் இறங்கியிருப்பாய்! கொஞ்சம் தண்ணீர் விட்டு, டயர் வால்வு செருகிய கார்க்கால் வாயை அடைத்து, பந்துக்குக் காற்றடிக்கும் பம்பால் அடித்தால் போதும். கார்க் பிய்த்துக்கொள்ளும், தண்ணீர் பீய்ச்சும், ராக்கெட் சில்வர் ஓக் மரத்து உச்சியைத் தாண்டும்.

“மாமா, திங்கக்கெழம பழைய இரும்புக்காரர் வண்டி வருதுங்க. எல்லாத்தையும் ஏத்தி விட்டுட்டு, இந்த எடத்துல அம்மாவுக்கு ஒரு பாத்ரூம் கட்டிரலாம்.”

“இத்தன வருசமா உங்கம்மா குளிக்காமயா இருந்தா?” என்றேன்.

அவன் அம்மா பவளம் நடுவில் வந்தாள். “ரெண்டு பேரும் நிறுத்துங்க. ஒரு முட்டைய மேல அனுப்பி ஒடையாம எறக்கிக் காட்டுறேன்னு சொல்லிச் சொல்லியே இவங்கப்பா என் கூரையில ஆம்லெட் போட்டாரு. ஞாயித்துக்கெழம ஒரு முட்டை முழுசா எறங்கட்டும், கொட்டகை இருக்கட்டும். ஒடஞ்சா வண்டியில ஏத்து.”

என் தங்கச்சி ஒன்று சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. எனக்குப் பயமும் இல்லை. எங்கே பிசகியது என்று தெரிந்துவிட்டதே.

உச்சியில் புனல் கழன்றதும், உள்ளே மடித்து வைத்த பழைய குடைத்துணி விரிய வேண்டும். நம் மூடுபனியில் அது ஈரமேறி, மடிப்போடு மடிப்பு ஒட்டி, கல்லாக விழுந்தது. நீ என்ன செய்தாய்? ஆயுசு முழுக்கத் தேயிலை உலர்த்துகிற இடத்தில் நின்றவன். “காஞ்ச தூளு ஈரத்த இழுக்கும் மச்சான், மூட்டையத் தொறந்து வச்சா நமுத்துப் போறதில்ல?” என்று மடிப்புக்கு மடிப்பு தேயிலைத்தூளைத் தூவினாய். இழுக்கத்தான் செய்தது. இழுத்து, அங்கேயே ஊறி, துணியைப் பசை போட்ட மாதிரி ஆக்கிவிட்டது. பிரித்துப் பார்த்து பவளம் சொன்னது ஞாபகமிருக்கிறதா? “சீனி போட்டாக் குடிச்சிரலாம்.”

லயத்து வீடுகளின் வாசலில் கேரம் ஆடுகிறவர்கள் பலகையில் பவுடர் தூவுவதைப் போன மழைக்காலத்தில் பார்த்தேன். அத்தனை ஈரத்திலும் காய் வழுக்கிக்கொண்டு போகிறது. அப்புறமென்ன? பவளத்தின் முகப்பவுடர் டப்பாவை எடுத்துத் துணி முழுக்கக் கொட்டினேன்.

“என் கல்யாணத்துக்குக்கூட நான் இவ்வளவு பூசல அண்ணே.”

ஞாயிற்றுக்கிழமை எதிர்மலை தெரியாத அளவுக்கு மூடுபனி. குமாருக்கே மனசு இளகிவிட்டது. “வெயிலடிக்கிற நாளாப் பாத்துக்கலாங்க மாமா.”

“இந்த மூடுபனிதான்டா எனக்கு வேணும். நீ அடி பம்ப.”

அடித்தான். போயிற்று. தலையணைப் பஞ்சுக்குள் முட்டையை வைத்துக்கொண்டு வெள்ளைக்குள் மறைந்தது. எல்லாரும் கூரையைப் பார்த்து நின்றோம். சத்தமில்லை. செடிக்குள்ளும் சத்தமில்லை. ஒரு சத்தமும் இல்லையென்றால் என்ன அர்த்தம் மச்சான்? பிறகு மூடுபனியிலிருந்து கறுப்பாக, அகலமாக, பவுடரை உதிர்த்துக்கொண்டு, உன் குடைத்துணி ஆடி ஆடி இறங்கித் தேயிலைச் செடிமேல் உட்கார்ந்தது.

முட்டி வலியென்று படியிறங்காத பவளம் செடிக்குள் புகுந்து போனாள். பஞ்சைப் பிரித்தாள். முட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். கீறல்கூட இல்லாததை முந்தானையில் பொதிந்துகொண்டாள். திரும்பியபோது, “குமாரு, அந்த வண்டிக்காரருக்குப் போன் போடு. வர வேணான்னு சொல்லு” என்றாள்.

“அப்ப பாத்ரூம்?”

“கொட்டகைக்குப் பின்னால கட்டு.”

கொட்டகை இருக்கும் மச்சான். என் கையில் பலமிருக்கிற வரை ஒரு புனல்கூட அங்கிருந்து வெளியே போகாது. அடுத்தது இரட்டை பாட்டில், இரண்டு முட்டை. இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு. ஆள் பலத்தைப் பற்றிக் கேட்பாய். நம்மோடு தாயகம் திரும்பிய கப்பலில் வந்து, இந்தப் பைத்தியத்திலும் கூட நின்ற மாரிமுத்து போய்விட்டான். செபஸ்தியானும் போய்விட்டார். என்னைத் தவிர அந்தக் கூட்டத்தில் உயிரோடு இருப்பது ஒருத்திதான். இனி பம்பு அடிப்பதும் அவள்தானாம், அவளே சொல்லிவிட்டாள்: பவளம்.

உன் பெண்டாட்டிக்கு அண்ணன், உனக்கு என்றைக்கும் மச்சான்,
வேலு