ஒரு ஜிபியில் குறைந்தது

2006 ஆகஸ்ட், சனிக்கிழமை இரவு

கம்பெனி ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள்ளும் பாஷா பாய் ஓசூர் பஜாரிலிருந்து ஒரு ஜிபி பென் டிரைவ் வாங்கி வந்தார். கம்ப்யூட்டரில் செருகியதும் 953 எம்பி என்று காட்டியது. “மிச்சத்தக் கடைக்காரன் தின்னானா, நீங்க தின்னீங்களா பாய்?” என்றார் மேனேஜர். எல்லோரும் சிரித்தார்கள். பாய் காலி கவரையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். திங்கட்கிழமை கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம்.

எனக்குக் காரணம் தெரியும். தயாரிக்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், கம்ப்யூட்டர் 1024 ஆக எண்ணுகிறது. உள்ளே எதுவும் குறையவில்லை. கல்லூரியில் முதல் வருஷமே படித்த கணக்கு. ஆனாலும் வாய் திறக்கவில்லை.

கம்பெனி பஸ்ஸில் பாயிடம் அதைக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“இத அங்கயே சொல்லியிருந்தா ஆவாதாம்மா?”

கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

ஹாஸ்டல் அறையில் இருக்கும் மற்ற இருவருக்கும் இரண்டாவது ஷிப்ட், இன்னும் வரவில்லை. விளக்கை அணைக்கும் முன், “சார், பாய யாரும் ஏமாத்தல, அவரும் யாரையும் ஏமாத்தல” என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். குரல் நடுங்கவே இல்லை. கேட்க ஆள் இல்லையென்றால் எனக்கு நன்றாகத்தான் பேச வருகிறது.