ஒரு திர்ஹாம் ஏலமும் ஆஷ்பிரிட்ஜ் ரொட்டிக்காரியும்

முவைலா, ஷார்ஜா
ஞாயிற்றுக்கிழமை

என் அருமை எப்சிபாவுக்கு,

கடல் தாண்டி இருக்கிற உனக்கும், உன்னைப் பத்திரமாக வைத்திருக்கிற அந்தக் குளிர் ஊருக்கும் உன் அம்மாச்சி நேசபாயின் ஸ்தோத்திரம். இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். சுகம் என்றால் யாருக்கும் காய்ச்சல் இல்லை என்று வைத்துக்கொள். மற்றதை எழுதத்தான் பேனாவை எடுத்தேன்.

ஃபோனில் சொல்லலாமே என்பாய். ஃபோனில் நான் வாயைத் திறந்தால் உன் அம்மை பிடுங்கிக்கொள்கிறாள். "பிள்ளையப் பயங்காட்டாதம்மா" என்கிறாள். நீயும் லேசுப்பட்டவள் இல்லை. அப்பாவுக்கு வேலை போன சங்கதியை நான் பாதி சொல்லும்போதே, "லைப்ரரி வேலைய விட்டுட்டு நான் வாறேன் அம்மாச்சி, டிக்கெட் பாக்கேன்" என்று வைத்துவிட்டாய். மீதிப் பாதியை யாரிடம் சொல்ல? சபைச் செயலாளர் மகள் ரினி வெள்ளிக்கிழமை சிகாகோவுக்குப் போகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். நாலாம் வகுப்பு எழுத்து, பிழையைப் பொறுத்துக்கொள். ஆனால் கடைசி வரைக்கும் வாசிக்காமல் டிக்கெட்டில் கைவைக்காதே.

உன் அப்பா வேலை பார்த்த ஏசி கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். ஊருக்குப் போன முதலாளி திரும்பவில்லை. அப்பா தினமும் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு ரோலா கடைத்தெருவுக்குப் போய்த் தெரிந்தவர்களையெல்லாம் பார்த்துவிட்டு வந்தார். எல்லாரும் டீ வாங்கிக் கொடுத்தார்கள், வேலை யாரும் கொடுக்கவில்லை. அப்போதுதான் அம்மைக்கு ஓமானில், சோஹார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை உறுதியானது. குவார்ட்டர்ஸ் உண்டு. ஒரே அறை. அம்மை முன்னால் போய்ச் சேர்ந்து, பிறகு அவள் விசாவில் அப்பாவைக் கூப்பிடுவாள். "பெண்டாட்டி விசாவுல போற ஆளாயிட்டேன் அத்தை" என்று உன் அப்பா சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. நான் மார்த்தாண்டத்துக்குப் போகிறேன். இந்த வீட்டைக் காலி பண்ணிச் சாவியைக் கொடுக்க வேண்டும்.

இவ்வளவும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. நீ வருகிறேன் என்று சொன்னாய் பார், அன்றிலிருந்து உன் அம்மை மாறிவிட்டாள். "பிள்ள வந்தா எங்க தங்குவா? ஒத்த அறைக்கு எப்படிக் கூட்டிட்டுப் போக? வரலன்னு சோஹாருக்குச் சொல்லிருதேன்" என்கிறாள். கிடைத்த ஒரு வேலையும் போகப் பார்க்கிறது எப்சி. அதுதான் இந்தக் கடிதம்.

இனி உன் ஆஷ்பிரிட்ஜ் கதைக்கு வருகிறேன். அந்த ஊர்ச் சரித்திரம் எழுதுகிற வேலை உனக்கு வந்ததிலிருந்து நீ ஃபோனில் சொன்ன அந்தத் தொண்ணூறு வருஷத்துப் பழங்கதை எதையும் நான் மறக்கவில்லை. ஆற்றுச் சிப்பியில் பொத்தான் செய்கிற ஃபேக்டரியைப் பூட்டியது. பாங்கைப் பூட்டியதும் சனங்கள் கதவுக்கு வெளியே மழையில் நின்றது. சுற்றுப்பட்டு விவசாயிகளின் மாட்டையும் கலப்பையையும் பாங்குக்காரன் ஏலம் போட வந்தபோது அக்கம்பக்கத்தார் கூடி நின்று, ஒரு மாட்டுக்கு ஒரு சென்ட், ஒரு கலப்பைக்கு ஒரு சென்ட் என்று கேட்டு, வாங்கினதை அங்கேயே உடையவன் கையில் திருப்பிக் கொடுத்தது. வெளியூர்க்காரன் எவனும் கூட்டிக் கேட்காதபடி தொழுவத்து வாசலில் தூக்குக் கயிற்றைத் தொங்கவிட்டது. இதை நீ சொன்ன அன்றைக்கு எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

பிறகு அந்த ரொட்டிக்காரி மார்த்தா. வயசான விதவை. வேலையில்லாதவர் பிள்ளைகளுக்குச் சும்மா ரொட்டி கொடுத்தவள். அவள் கடையும் நொடித்து, சாமான்கள் முற்றத்தில் ஏலத்துக்கு வந்தன. ஊரே கூடி மேசைக்கு ஒரு சென்ட், நாற்காலிக்கு ஒரு சென்ட் என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தது. முடிவெட்டுகிற எஸ்ரா ஒருத்தர் மட்டும் அடுப்புக்கும் ரொட்டி வண்டிக்கும் உள்ள விலையைச் சொல்லி, காசைக் கையில் வைத்து, தூக்கிக்கொண்டு போய்விட்டார். அந்த வாரமே மார்த்தா ஊரை விட்டுப் போனாள். அதற்கப்புறம் எஸ்ரா கத்தியின் முன்னால் ஒருவரும் கழுத்தை நீட்டவில்லை. இப்போது அவருடைய பேத்தி, கிழவி, தினமும் லைப்ரரிக்கு வந்து, "சுவரில் வைக்கிற பலகையில் எங்கள் தாத்தா பேர் வேண்டாம்" என்று கேட்கிறாள் என்றாய். நான் என்ன சொன்னேன்? "வேதத்துப் பேர வச்சிக்கிட்டு இந்தப் பணி செஞ்சானா? பெருசா எழுது மக்கா" என்றேன். நீயும் எழுதிவிட்டதாகச் சொன்னாய்.

கதையை நான் என்னோடு வைத்துக்கொள்ளவில்லை. வீட்டு ஜெபக் கூட்டத்தில் பெண்களிடம் சொன்னேன். மாதர் சங்கத்து விஜியைத்தான் உனக்குத் தெரியுமே, நல்ல மனசு, ஆனால் எதையும் யோசிக்கிறதுக்கு முன்னால் செய்து முடித்திருப்பாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்.

நேற்று வீட்டுச் சாமான்களை விற்க நாள் குறித்திருந்தோம். அப்பா சபை வாட்ஸ்அப்பில் படம் போட்டிருந்தார். சோஃபா, கட்டில், ஃப்ரிட்ஜ், துணி துவைக்கிற மிஷின், டிவி, சாப்பாட்டு மேசை. காலையிலேயே படி கொள்ளாத கூட்டம். எனக்கு ஒரே சந்தோஷம். விஜி நடுவில் ஏறி நின்றாள். சபையில் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு நிற்பது போலவே நின்றாள். "சோஃபா! ஒரு திர்ஹாம்! ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்!" என்றாள். பண்டிகை ஏலத்தில் ஒரு தேங்காயை ஆயிரத்துக்கு எடுத்து, அதைத் திரும்பவும் ஏலத்துக்கே கொடுக்கிற கைகள் அல்லவா? பழக்கம் விடுமா? ஒவ்வொருவராக வந்து ஒரு திர்ஹாமை அப்பா உள்ளங்கையில் அழுத்தி, "சாமான் இஞ்சயே கிடக்கட்டு அண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஃப்ரிட்ஜ் விற்றது, நின்ற இடத்திலேயே நின்றது. கட்டில் விற்றது, அதன் மேலேயே நாலு பேர் உட்கார்ந்து டீ குடித்தார்கள்.

கீழ் வீட்டு பேச்சிலர் ரூமிலிருந்து சேதுபதி வந்திருந்தான். ராமநாதபுரத்துப் பையன், சைட்டில் கம்பி கட்டுகிற வேலை. அவனுக்கு நம் சபை விவகாரம் என்ன தெரியும்? டிவிக்கு ஒரு திர்ஹாம் கொடுத்துவிட்டுத் தோளில் தூக்கிவிட்டான். எல்லாரும் அவனை யூதாஸைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். "காசு குடுத்தாச்சுல்ல ஆச்சி, எடுத்துட்டுப் போகக் கூடாதா?" என்று என்னிடம் கேட்டான். விஜி முறைத்த முறைப்பில் இறக்கி வைத்துவிட்டு, துடைத்து வேறு விட்டான், பாவம்.

அப்போதுதான் ஜெப்ரின் வந்தார். ரோலாவில் பழைய சாமான் கடை வைத்திருக்கிற அதே ஜெப்ரின். அறுப்பின் பண்டிகையில் நான் சுட்டுக் கொடுத்த முந்திரிக்கொத்துப் பலகாரத்தைக் கையில் தூக்கி, மைக்கில், "இதுகூட சுத்தியலும் சேத்துத் தருவியளா?" என்று கேட்டு சபையையே சிரிக்க வைத்தவர். அன்றிலிருந்து அவர் உட்காருகிற பக்கம் நான் உட்காருவதில்லை. வந்தவர் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தார், மிஷினைத் தட்டிப் பார்த்தார், உள்ள விலையைச் சொன்னார். கூடவும் இல்லை, குறைச்சலும் இல்லை. விஜிக்கு வந்ததே கோபம். "அண்ணே, கஷ்டப்படுத வீட்டுல வந்து யாவாரமா?" என்றாள். நான் சும்மா இருப்பேனா? "எஸ்ரா வந்தாச்சு, கயித்த எடுங்கடி" என்று நான்தான் முதலில் கத்தினேன். அவருக்கு எஸ்ரா யார் என்று எங்கே தெரியும்? முழித்தார். படியிறங்கிப் போய்விட்டார்.

கடைசியில் விஜி ஜெபம் பண்ணினாள். எல்லாரும் அழுதார்கள். "அண்ணா, நீங்க எங்கயும் போகாண்டாம். கர்த்தர் இஞ்சயே வழி திறப்பார்" என்று சொல்லி வாசலை அடைத்துவிட்டுப் போனார்கள்.

நான் திரும்பிப் பார்த்தேன். வீடு நிறைய சாமான். உன் அப்பா விற்றுப்போன சோஃபாவில் உட்கார்ந்து உள்ளங்கையை விரித்து வைத்திருந்தார். "யாரு மேலயும் கோவம் இல்ல அத்தை. எல்லாரும் பாசத்துலதான் செய்தாவ. ஆனா எங்க போறிய, என்ன வேணும்னு ஒருத்தரும் கேக்கலியே" என்றார். அம்மை அடுக்களையில் பாத்திரத்தைச் சத்தம் போட்டுக் கழுவினாள். அழுகை கேட்கக் கூடாதென்றால் அவள் அப்படித்தான் கழுவுவாள், நீ அறிவாய்.

பிறகு அப்பாவே ஜெப்ரினுக்கு ஃபோன் பண்ணினார். ஐந்து மணிவாக்கில் பிக்கப்பும் இரண்டு ஆட்களுமாக வந்தார். வாசலில் நின்றபடியே அவர் முதலில் கேட்டது, "சோஹாருக்கு எதெல்லாம் கொண்டு போறிய? அத மொதல்ல ஒதுக்கி வையுங்க, மத்தத எடுக்கேன்" என்பதுதான். குவார்ட்டர்ஸில் அடுப்பு உண்டா என்று கேட்டார். அங்கே துறைமுகத்தில் தனக்கு ஒரு சிநேகிதன் இருப்பதாகச் சொல்லி, அப்பாவிடம் நம்பர் கொடுத்தார். மெத்தையை இறக்கும்போது அப்பாவும் ஒரு பக்கம் பிடித்தார். வேலை போன பிறகு அவர் தோள் நிமிர்ந்து நான் பார்த்தது அப்போதுதான். டிவியை மட்டும் நான் கொடுக்கவில்லை, சேதுபதியைக் கூப்பிட்டுத் தூக்கச் சொன்னேன். காசு கொடுத்தவன் அல்லவா.

ஜெப்ரினை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. முந்திரிக்கொத்துக் கணக்கு தனி. ஆனால் காலியான வீட்டில் பாயை விரித்துப் படுத்தபோது எனக்கு உன் மார்த்தாவின் ஞாபகமே வந்துகொண்டிருந்தது. நீ ஒன்று சொல்லவில்லை எப்சி. அந்த ஏலத்தை வைத்தது யார்? விவசாயி வீட்டில் பாங்குக்காரன் வைத்தான், சரி. ரொட்டிக்காரி வீட்டிலும் அவன்தானா? இல்லை, எங்களைப் போல அவளே வைத்ததா? மகளிடமோ தங்கையிடமோ போய்ப் பிழைக்கலாம், வழிச்செலவுக்கு ஆகும் என்று சாமானை முற்றத்துக்கு எடுத்திருந்தால்? ஊரே பாசத்தோடு கூடி, அவள் மேசையையும் நாற்காலியையும் அவள் தலையிலேயே திருப்பிக் கட்டியிருந்தால், அவள் எதை விற்று ரயில் ஏறுவாள்? எஸ்ரா நல்லவர் என்று நான் சொல்லவில்லை. அடுப்பின் மேல் ஆசைப்பட்டே எடுத்திருக்கலாம். எனக்கு என்ன தெரியும்? பலகையை மாட்டுவதற்கு முன்னால் பழைய பத்திரிகையில் தேடு. அந்தப் பேத்திக் கிழவியை உட்காரவைத்து, "பேரை எடு" என்று அவள் சொல்வதை மட்டும் கேட்காமல், அவள் வீட்டில் இதை எப்படிச் சொல்லிக்கொள்வார்கள் என்று கேள். அவளுக்கும் ஒரு கதை இருக்கும். இத்தனை வருஷம் யாரும் கேட்காத கதை.

உன்னையும் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. விஜிக்குப் பாசம் இல்லையா? உண்டு. உனக்கும் உண்டு. நீ வேலையை விட்டு ஓடி வந்து எங்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டால், அந்தப் பிடியில் எங்களால் நகர முடியாது. அம்மை சோஹாருக்குப் போக மாட்டாள். அப்பா மறுபடியும் சட்டை மாட்டிக்கொண்டு ரோலாவுக்குப் போவார். அங்கேயே இரு மக்கா. உன் வேலையை முடி. அம்மைக்கு ஃபோன் போட்டு, "நான் வரல, நீ போய்ச் சேரு" என்று உன் வாயால் சொல். நான் சொன்னால் அவள் கேட்க மாட்டாள். இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தி நர்ஸ் வேலைக்கு இங்கே விமானம் ஏறும்போது நான் போகாதே என்று அழுதேனாம், அதை இன்னும் சொல்லிக்காட்டுகிறாள். இந்த நினைவு வைத்துக்கொள்கிற குணம் எங்கிருந்து வந்ததோ.

என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். மார்த்தாண்டம் வீட்டைத் திறந்து தூசி தட்டி வைக்க ஆள் சொல்லியாயிற்று. சபைக் கோவில் பக்கம்தான். பேச்சுத்துணைக்கு எதிர்வீட்டுக்காரி உண்டு, அவளோடு எனக்குச் சண்டை பாக்கி இருக்கிறது, பொழுது போகும். கண் மட்டும் இப்போது அந்திக்கு மேல் மங்குகிறது. ஊரில் டாக்டரிடம் காட்டுகிறேன், அம்மையிடம் சொல்லாதே.

குளிருக்குக் காதை மூடிக்கொள். வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. நீ படுக்கும்போதும் எழும்பும்போதும் கர்த்தர் உன் பக்கத்தில் இருப்பாராக. உனக்கு லீவு கிடைக்கும்போது முதலில் சோஹாருக்குப் போ, அம்மை அப்பாவைப் பார். அதற்கப்புறம் நாள் மிச்சம் இருந்தால் மட்டும் மார்த்தாண்டம் வா.

ஒன்றே ஒன்று எனக்காகச் செய். அந்த மார்த்தா எந்த ஊருக்குப் போனாள் என்று தேடு. வயசான காலத்தில் தனியாகப் போனவள், போன இடத்தில் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாளா என்று பார். சேர்ந்திருந்தாள் என்றால் உடனே எனக்கு எழுது. இல்லையென்றால், அம்மாச்சிக்கு எழுத வேண்டாம்.

உன் நினைவாகவே இருக்கும்,
நேசபாய்